டோக்கன் அக்கா பிரித்த நெட்வொர்க்

வக்கீலின் கடைவாய்ப் பல்லைப் படம் எடுத்து ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. படம் மட்டும் திரைக்கு வந்து சேரவில்லை. எடுத்தாயிற்று என்றது எக்ஸ்ரே மெஷின். எதுவும் வரவில்லை என்றது டாக்டரம்மாவின் திரை. நடுவில் இருந்த பத்தடி வயரில் ஒரு பல் எங்கே தொலைந்தது என்று சொல்ல ஆளில்லை. மரத்துப்போன வாயில் இரண்டு பஞ்சு உருண்டைகளோடு வக்கீல் கூரையைப் பார்த்துக் கிடந்தார். பேசிப் பிழைக்கிற மனிதர், பாவம், ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி 'இன்னும் எத்தனை நேரம்?' என்று எழுதி நீட்டினார்.

இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி முன்மேஜைக்கு வந்தார். அங்கே பதினோரு வருடமாக உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் புழங்கியது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் டோக்கன் அக்கா.

"ஏம்மா, நாலு மணிக்கு மாப்பிள்ளை வர்றார். அதுக்குள்ள படம் வரலேன்னா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுருவேன். எனக்கும் வேற வழி தெரியலை" என்றார் டாக்டரம்மா.

ஒப்பந்தம் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். டாக்டரம்மாவின் மாப்பிள்ளை நெட்வொர்க் கம்பெனி வைத்திருந்தார். பழைய ரவுட்டரைத் தூக்கிவிட்டுப் புதிதாக எல்லாம் போட்டுத் தருவார். கூடவே, விரலால் தொட்டால் தானே டோக்கன் துப்பும் ஒரு மெஷினும் வரும். எது எங்கே வரும் என்று வரைபடம்கூடக் கொடுத்திருந்தார். அதில் மெஷின் நின்ற இடத்தில்தான் இப்போது அக்காவின் நாற்காலி இருந்தது. வரைபடத்தில் நாற்காலி இல்லை.

அக்கா மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவர் அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நோயாளிகளின் போன்கள் நெட்வொர்க் முகவரிகளையெல்லாம் தின்றுவிடுகின்றன, புது மெஷின் வந்தால்தான் விடிவு என்று விளக்கினார்.

"கம்ப்யூட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அதுக்கு மேல எதையும் தொடாதீங்க அக்கா. இது உங்களுக்குப் புரியற சமாச்சாரம் இல்ல."

முதலில் அழுகைதான் வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது. அவளிடம் ஒன்றைத் தொடாதே என்று சொல்லக்கூடாது. சொன்னவர்கள் பட்டிருக்கிறார்கள்.

சொன்னபடி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து சோம்பல் முறித்து, காற்றில் நெட்டைத் தேடித் தானே பிடித்துக்கொண்டது. கீழ்ப்படிதல் அத்தோடு முடிந்தது. அக்கா டோக்கன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ரவுட்டரை மாட்டிய அன்று மாப்பிள்ளை எழுதச் சோம்பல்பட்டு வாயால் சொன்ன பாஸ்வேர்ட் அங்கே அவள் கையெழுத்தில் இருந்தது.

நாலு நாளாகச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நினைத்ததுபோல அது புரியாத சமாச்சாரம் இல்லை. அவளுக்குப் புரிந்த ஒரே சமாச்சாரமே அதுதான். ரவுட்டருக்குள் டிஹெச்சிபி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் முகவரியாக ஒரு நம்பர் கொடுப்பதும், நேரம் முடிந்தால் திரும்ப வாங்கிக்கொள்வதும்தான் அதற்கு வேலை. மாப்பிள்ளை அதன் கையில் இருபது நம்பர் கொடுத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கெடு. சனிக்கிழமைக் கூட்டத்தில் வெளியே முப்பது போன் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரே மெஷின் கை நீட்டும்போது டோக்கன் கட்டு தீர்ந்துபோயிருக்கும்.

இதே கூத்து அவள் மேஜையிலும் ஒரு காலத்தில் நடந்ததுதான். பல் சுத்தம் செய்ய வந்தவரும் பல் பிடுங்க வந்தவரும் ஒரே கட்டிலிருந்து டோக்கன் வாங்கி, சுத்தம் செய்ய வந்தவர் மயக்க ஊசி வரைக்கும் போய்த் தப்பி ஓடினார். மறுநாளே அவள் மூன்று நிறத்தில் மூன்று கட்டு அடித்துவிட்டாள். வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதை அன்றைக்கும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்கு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து மூன்று நெட்வொர்க் உண்டாக்கினாள். நோயாளிகளுக்கு ஒன்று, சிகிச்சை அறைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனிக் கட்டு. நோயாளிகளுக்கு நூறு நம்பர், அரை மணிக் கெடு. சிகிச்சை அறைக்குப் பத்து, ஒரு வாரக் கெடு. தனக்கு ஐந்து போதும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள். சேமித்தாள்.

படம் வரவில்லை. வக்கீல் இரண்டாவது காகிதம் கேட்டார்.

அக்கா யோசித்தாள். பழைய கட்டும் திறந்தே கிடக்கிறது. புதிய கட்டைப் பிரித்த பிறகு பழையதிலும் கிழித்துக் கொடுத்தால் குழப்பம் வராமல் என்ன வரும்? பழைய நெட்வொர்க்கின் டிஹெச்சிபியை அடைத்தாள். தன் கம்ப்யூட்டரை 'அலுவலகம்' என்ற புது நெட்வொர்க்கில் சேர்த்தாள். அடுத்து ரசீது அடிக்கப் போனால் பிரிண்டரைக் காணோம். டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில் இருந்த முன்பதிவுப் பட்டியலும் அதோடு போயிற்று.

ரசீதைக் கையால் எழுதினாள். பட்டியலை நினைவில் இருந்து கூப்பிட்டாள். நினைவு காலை வாரியதில், பல் செட்டைத் தேய்க்கக் கொண்டுவந்த பெரியவரும் ஞானப்பல் வலியோடு வந்த கல்யாணப் பெண்ணும் வக்கீலுக்கு அடுத்திருந்த ஒரே நாற்காலிக்குப் போய், யார் உட்காருவது என்று உள்ளே வாக்குவாதம் நடந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். அக்கா பார்க்காததுபோல எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு அவள் ரவுட்டரின் பக்கத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். பார்த்ததும் கொதித்துப் போனாள். ஒரு டிவி இருந்தது. மருத்துவமனையில் ஏது டிவி? ஒரு பில் மெஷின் இருந்தது. எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாத பெயரில் இன்னொன்று இருந்தது. இவள் இருபது நம்பருக்கு அல்லாடிக்கொண்டிருக்கும்போது எவனோ ஓசியில் டிவி பார்க்கிறான். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தடுத்து வெளியே தள்ளினாள். காலையிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

படம் அப்போதும் வரவில்லை. டாக்டரம்மா இந்தமுறை எதிரே நாற்காலி இழுத்துப் போட்டே உட்கார்ந்துவிட்டார்.

"போதும்மா, விட்டுடு. நீ என்னென்னவோ பண்ணி இருந்ததும் போச்சு. மாப்பிள்ளையே வந்து பார்க்கட்டும்."

"நாலு மணிக்குத்தானே டாக்டரம்மா வர்றார். என் நாற்காலிக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்கா கடைசி வேலையில் இறங்கினாள். கட்டு அடித்தாயிற்று, ஆனால் ஜனங்கள் இன்னும் பழைய வரிசையிலேயே நிற்கிறார்கள். இதற்கு ரவுட்டரில் பொத்தான் இல்லை. அவள் நாக்கில்தான் இருந்தது. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: 'பழைய நெட்டை மறந்துவிடவும். இனி பல் நோயாளிகள் என்ற நெட்டில் மட்டும் சேரவும். சேராதவர்களுக்கு டோக்கன் இல்லை.' பிறகு வரிசையாகப் போய் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, தன் கண் முன்னால் மாற்ற வைத்தாள். போனில் நெட்டே வைப்பதில்லை என்று சொன்ன ஒருவரையும் சந்தேகப்பட்டுச் சோதித்தாள். பல்வலிக்காரர்கள் எதிர்த்துப் பேசுகிற நிலையில் இல்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளறையிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். வக்கீலின் கடைவாய்ப் பல், வேர் முதல் குழி வரை, திரை நிறைய வந்து நின்றது. அடுத்து எடுத்த படமும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வக்கீல் கேட்காமலேயே காகிதம் எடுத்து 'தீர்ப்பு தங்கள் பக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அதை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பிரிண்டர் மட்டும் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. இருக்கட்டும், கை இருக்கிறது, பேனா இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தார். எக்ஸ்ரே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு வருவதைப் பார்த்தார். முகம் ஒருமாதிரி ஆனது. அக்காவின் மேஜைக்கு வந்து, அவளை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து ரவுட்டரின் பக்கத்தை மேலும் கீழும் ஓட்டினார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. மூன்று நெட்வொர்க்கும் மூன்று கட்டும் கச்சிதமாக இருந்தன. சற்று நேரம் தாடையைத் தடவினார். பிறகு சிரித்துக்கொண்டே மாமியார் பக்கம் திரும்பினார்.

"அத்தை, இதெல்லாம் காலையில நான் போன்ல சொல்லிக் குடுத்தது. அக்கா டைப் மட்டும் பண்ணாங்க. இதுல இருக்கிற ஒவ்வொரு நம்பரும் என்னோடது. இன்னைக்கே கையெழுத்துப் போட்டா மிச்சத்தையும் முடிச்சிரலாம்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அக்காவுக்குக் காது வரை சூடேறியது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக நோயாளிகள் முன்னால் குரலை உயர்த்தினாள்.

"போன்ல தம்பி சொன்னது ஒண்ணே ஒண்ணு. தொடாதீங்கன்னு சொன்னார். நான் தொட்டேன்."

பேனா அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை சளைக்கவில்லை. அப்படியானால் டிஹெச்சிபி என்பதற்கு விரிவு என்ன, அக்கா சொல்லட்டும் என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"விரிவு தெரியாது தம்பி. வேலை தெரியும்."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருபக்கம் பதினோரு வருட அக்கா, இன்னொரு பக்கம் மகளைக் கட்டியவர். மாப்பிள்ளை காகிதத்தை இன்னும் கொஞ்சம் அருகில் நகர்த்தினார். பேனா மெல்லக் கீழே இறங்கியது.

அப்போது வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். இங்கே நெட்டை மூன்றாகப் பிரித்த புண்ணியவான் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான். முழுக்க முழுக்க நான்தான். உங்க கடைக்கும் இதே மாதிரி வேணுமா?"

கண்ணாடிக் கடை அம்மாள் சுவரில் இருந்த அறிவிப்பை ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு இடத்து நெட்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்ததோட விட்டிருக்கலாம்ல டாக்டரம்மா; உங்க மாப்பிள்ளை மூணாப் பிரிச்சு, கண்ணு பார்க்கிற மெஷினை வெளியே தள்ளி, உங்க நோயாளிங்க அத்தனை பேரையும் கொண்டுவந்து ஏத்தினது எங்க கடை ரவுட்டர்ல."