தேவாலய மணிக்கு வந்த கடிதம்

"துடைக்காதீங்க! ஐயோ, துடைக்காதீங்க!" என்று மனைவி நெட்டி கத்துவதற்குள் லூதர் துடைத்துவிட்டார்.

அப்பத்தின்மேல் விழவேண்டிய மேப்பிள் பாகு ஜனாதிபதியின் கடிதத்தின்மேல் விழுந்திருந்தது. ஈரத்துணி பட்டும் பாகு போகவில்லை, கையெழுத்துதான் போயிற்று.

லூதர் வீட்டுச் சுவரில் ஜனாதிபதிகள் கையெழுத்திட்ட கடிதங்கள் ஏழு தொங்கின. அவை அவர் சொந்தமாகச் சேர்த்தவை. இது ஊர்ச் சொத்து. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பீரங்கி வார்க்கத் தேவாலய மணியையே உருக்கிக் கொடுத்த ஊருக்கு, அன்றைய ஜனாதிபதி எழுதிய நன்றிக் கடிதம். கடிதம் சேகரிப்போர் சங்கத்தில் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு வருடம் அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றி, சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி நீதிமன்றப் படிக்கட்டில் நின்று ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டும். லூதர் பதின்மூன்று வருடம் காத்திருந்து பெற்ற கௌரவம் அது. நாளை ஜூலை நான்கு.

"கண்ணாடிச் சட்டத்துல இருந்ததை எதுக்கு வெளிய எடுத்தீங்க?"

"ஒத்திகை பார்க்க வேண்டாமா?"

"அப்பம் தின்னுக்கிட்டேவா?"

லூதர் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து சூடாக ஊதினார். பாகு மிட்டாயாக இறுகிக்கொண்டது.

"செய்தித்தாளுக்கு நடுவுல வச்சு இஸ்திரி போடுங்க, உறிஞ்சிடும்" என்றாள் நெட்டி.

உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் பிரித்துப் பார்த்தால், தியாகத்தைப் போற்றும் வரிகளுக்கு நடுவே 'கோழித்தொடை பாதி விலை' என்று விளம்பரம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது.

"நாளைக்கு வெர்னன் பூதக்கண்ணாடியோட வருவான்டி! என் மானம் கப்பலேறிடும்!"

வெர்னன் சங்கத் தலைவர். போன வருடம் தன் முறை முடிந்து கடிதத்தை ஒப்படைத்தபோது, "உயிர் போனாலும் இதுக்கு ஒரு கீறல் விழக்கூடாது லூதர்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டவர்.

கையெழுத்தாவது மிஞ்சட்டும் என்று லூதர் மைப்பேனாவை எடுத்தார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. நெட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஜனாதிபதி என்ன, குதிரைமேல போய்க்கிட்டே கையெழுத்துப் போட்டாரா?"

இனி மறைத்துப் பயனில்லை. லூதர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு, சங்கச் செயலாளர் ஓபல் அம்மாவின் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் அணிவகுப்புக்குச் சின்னக் கொடிகளைக் குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தை மேசையில் வைத்ததுமே லூதருக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைச் சங்கத்தை விட்டே நீக்கிடுங்க ஓபல். ஊர் மானத்தையே குழிதோண்டிப் புதைச்சுட்டேன். இனி அந்தப் படிக்கட்டுல எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

ஓபல் அம்மாள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோழித்தொடையையும் படித்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, பழுப்பேறிய வெற்றுத்தாள் ஒன்றும் மைக்கூடும் இறகுப் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"போன வருஷம் வெர்னனோட நாய் கடிதத்தைத் தின்னுடுச்சுன்னு, அவரும் இப்படித்தான் வந்து அழுதாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுதுங்க லூதர், நீங்க பதினாலாவது ஜனாதிபதி."