புர்ல அண்ணாவும் துண்டுக்குள் கத்திய போனும்

சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாக்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், புர்ல அண்ணாவைப் போல முழுமனதோடு குழம்பக்கூடிய இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நாமெல்லாம் புரியாவிட்டாலும் தலையை ஆட்டி வைப்போம். அவர் ஆட்டமாட்டார். "புர்லமா" என்பார், புரியலம்மா என்பதைத்தான். அந்த வார்த்தையே பெயராகி, நகரியில் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

திருப்பதியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நான் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. அதைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அவர் சேர்ந்த அன்று சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும்போது, மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு மேலே போகும் அம்பை அமுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, நாம கீழதானே போறோம்?"

"நாம கீழ போறோம்மா. ஆனா லிஃப்டு கீழ கீது. அது மேல வரணும்ல?"

அன்று படியிறங்கித்தான் போனேன்.

அப்போது மாங்காய் மண்டிக்கு ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். ஒரு பேரம் வேண்டாமென்றால், 'ரத்து செய்யலாமா?' என்று திரை கேட்கும். கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள். புர்ல அண்ணா அதன் முன்னால் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

"ஏம்மா, ரத்து பண்ணணும்னா ரத்த அமுக்கணுமா, சரிய அமுக்கணுமா?"

"சரியைத்தான்!"

"அப்ப ரத்த அமுக்குனா?"

"ரத்து ரத்தாயிடும்!"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே தலை சுற்றியது. மத்தியானத்துக்குள் ஆபீஸ் சரி கட்சி, ரத்து கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, டீக்குக்கூடத் தனித்தனியாகப் போனது. மேனேஜர் தெலுங்குக்காரர், பொறுமைசாலி. அவரே கத்திவிட்டார்.

"ஏமய்யா, நீகு அர்த்தமய்யேதி ஏமன்னா உந்தா?" உனக்குப் புரிவதென்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

"அதான் சார் எனக்கும் புர்ல" என்றார் அண்ணா, நிஜமான வருத்தத்தோடு.

அந்த வாரமே மேனேஜர் இன்னொரு குண்டைப் போட்டார். இந்தச் செயலியை மண்டிக்காரர்கள் ஏற்காவிட்டால் திருப்பதி ஆபீஸை மூடிவிட்டு எல்லோரும் பெங்களூருக்குப் போகவேண்டுமாம். வீட்டில் நைனா, என் அப்பா, பக்கவாதத்தில் படுத்திருந்தார். ராத்திரிச் சோறு நான் போய் ஊட்டினால்தான் அவருக்கு இறங்கும். பெங்களூரிலிருந்து தினமும் ஊட்ட வர முடியுமா?

எனவே மூளையைக் கசக்கிப் பிழிந்து ஒரு வித்தை செய்தேன். படிக்கத் தெரியாத விவசாயிக்கும் விலை தெரிய வேண்டாமா? வியாபாரி விலையைப் போட்டதும் போனே வாய்விட்டுச் சொல்லும். ஆபீஸே கைதட்டியது.

"இது யாருக்கும்மா சொல்லுது?" என்றார் புர்ல அண்ணா.

"விவசாயிக்கு."

"பக்கத்துல கீறவனுக்கும் கேக்குமே?"

"கேட்டா கேக்கட்டுமே! உங்களுக்கு எதுதான் புரிஞ்சிருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு மண்டிக்குப் போனோம். அங்கே பழைய வியாபாரிகள் இன்னும் துண்டு போட்டுத்தான் பேசுவார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலை அமுக்கி அமுக்கி விலையை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சு விடமாட்டார்கள். இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? கிர்தா மீசை வியாபாரி ஒருவர் ஆசையாக விலையைத் தட்டினார். என் போன் அதை மண்டி முழுக்கக் கணீரென்று அறிவித்தது. திரும்பத் திரும்ப அறிவித்தது.

"ஏம்மா, இதி போனா, மைக்கா?" என்று மீசை துடித்தது. "ஊருக்கே தண்டோரா போட வந்தியா?"

"ஆஃப் பண்ணுங்கண்ணா!" என்று அலறினேன்.

புர்ல அண்ணாவுக்கு ஆஃப் எங்கே இருக்கிறதென்று புரியவில்லை. நான்தான் அழகுக்காக அதை மூலையில் எறும்பு சைஸில் வைத்திருந்தேனே! பதற்றத்தில் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துப் போனை மூடினார். துண்டுக்குள்ளிருந்தும் அது கத்தியது. பொத்தானைத் தேடத் தன் தலையையும் உள்ளே விட்டார். "புர்லமா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. என்னதான் நடக்கிறதென்று மீசையும் தலையை விட்டார். மாங்காய்க்குச் சொந்தக்காரரும் விட்டார். மூன்று பேரும் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பதுபோல் குந்தியிருக்க, நான் பெங்களூருக்குப் பெட்டி கட்டுவதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

எப்படியோ பொத்தான் அகப்பட்டுச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மீசை வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் விலையைப் பார்த்து உள்ளேயே பேரம் படிந்துவிட்டதாம்!

"இப்டி மூடி வெச்சி காட்டுதுன்னா பரவால்லையே" என்றார்.

அவ்வளவுதான். குரலைப் பிடுங்கி எறிந்தேன். விரலை வைத்து அமுக்கினால் மட்டும் விலை தெரியும், எடுத்தால் மறையும் என்று மாற்றினேன். மண்டி ஏற்றுக்கொண்டது. ஆபீஸ் தப்பித்தது. அன்றைக்கும் நைனாவுக்கு நான்தான் சோறு ஊட்டினேன்.

"எப்டிமா ஒத்துக்கினாங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் அண்ணா.

இப்போது அவர் ஸ்ரீசிட்டியில் வேறு வேலையில் இருக்கிறார். என் மீட்டிங்குகளில் எல்லோருக்கும் எல்லாம் உடனே புரிந்துவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எந்தத் திரை செய்தாலும் அவருக்கு அனுப்பிவிடுவேன். 'புர்ல' என்று பதில் வரும், மாற்றுவேன்.

போன மாதம் 'புரிஞ்சிச்சிம்மா' என்று வந்தது. வெலவெலத்துப்போய் உடனே கூப்பிட்டேன்.

"அண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன். நீதான் பாவம், எத்தினி வாட்டி மாத்துவ? நைனாவ வேற பாத்துகினு..."

"நிஜத்தைச் சொல்லுங்க. புரிஞ்சுதா?"

"புர்லமா."

அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன்.