உங்கள் அப்பா போட்ட ரேடியம் கடிகாரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே இருவரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் வரப்போவது உங்கள் அப்பாவைப் பற்றிய புகார். அவர் உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். இல்லாததால் வாரிசான உங்களிடம்.

நட்சத்திரத்துக்குள் ஹைட்ரஜன் சேர்ந்து ஹீலியம் ஆகிறதே, அது எவ்வளவு அபூர்வமாக நடக்கிறது என்று அளப்பதுதான் உங்கள் அக்காவின் உத்தியோகம். வானத்துக் கதிர்கள் கணக்கைக் கெடுக்குமாம், அதனால் மலையைக் குடைந்து அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அணுக்களை மோதவிட்டு ஹீலியம் உண்டாக்கும் இயந்திரம் இவர்களுக்கு இந்த மாதம் மட்டும்தான். அடுத்த குழு வாசலில் நிற்கிறது. அந்த அவசரத்தில் அவள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை, டிபன் டப்பாவோடு நானே சுரங்கத்துக்குள் போனேன், போனவன் அந்த அளக்கிற கருவிக்குக் கம்பிகள் நுழைகிற சந்தோரமா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான் மாப்பிள்ளை நான் செஞ்சது! திரையில புள்ளி புள்ளியா ஏற ஆரம்பிச்சிருச்சு, ஒரு புள்ளின்னா ஒரு ஹீலியம் பிறந்த கணக்காம். எல்லாரும் கை தட்டுறாங்க. உங்க அக்கா மட்டும் அந்தப் புள்ளிங்க சேர்ந்த வடிவத்தை உத்துப் பார்த்துட்டு, "இந்த முகம் நம்ம குடும்பத்துல இல்லையே"ன்னா. இயந்திரத்தை நிறுத்தினாங்க, அப்பவும் ஏறுது. அவ முகம் வெளுத்துப்போச்சு. இத்தனை நாள் சேர்த்த கணக்கெல்லாம் சந்தேகமாயிடுமே! நான் பாத்ரூம் போனேன், நின்னுடுச்சு. திரும்பி வந்தேன், ஏறுது.

"என்னங்க, கொஞ்சம் வெளியே போங்க." போனேன். "வாங்க." வந்தேன். "போங்க."

அப்புறம் பெல்ட்டு, மூக்குக்கண்ணாடி, கடைசியில பல்செட்டையும் மேசைமேல வெச்சாச்சு. அத்தனை விஞ்ஞானிங்க முன்னாடி பொக்கை வாயோட நிக்கிறேன். அப்பத்தான் அவ என் மணிக்கட்டைப் பார்த்தா. கல்யாணத்துக்கு உங்கப்பா போட்ட கடிகாரம்! இருட்டுல முள் மின்னுமே, அது நிஜ ரேடியமாம், அதோட கதிரைத்தான் கருவி எண்ணிக்கிட்டிருந்திருக்கு. "அப்பா..."ன்னு சிரிக்க ஆரம்பிச்சவ, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா.

அன்னிக்குப் பதிவானதை மட்டும் தள்ளிட்டாங்க. மீதி நாள்ல அசல் ஹீலியம் அதுபாட்டுக்கு வந்துச்சு. நேத்து கணக்கும் முடிஞ்சுது, நான் வீட்டைவிட்டு நகராததால.

ஆகவே உங்கள் குடும்பச் சொத்தை இத்துடன் கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வெறுங்கையோடு இருக்கும்
உங்கள் மாமா

பி.கு.: பெட்டியை ஒட்டுறதுக்குள்ள உங்க அக்கா பார்த்துட்டா. "அப்பா உங்களுக்குப் போட்டது, அவனுக்கு எதுக்கு? கையை நீட்டுங்க"ன்னு அவளே மாட்டிவிட்டா. அதனால பெட்டியில இந்தக் கடிதம் மட்டும்தான் வரும். கூரியர்காரரோடு சண்டைக்குப் போயிடாதீங்க.