உடற்பயிற்சிக்கு எதிராக எண்பத்தேழு கையெழுத்து

பொகோத்தா, வியாழக்கிழமை

புக்காரமாங்காவில் நல்ல வெயிலோடும் நல்ல உடம்போடும் இருக்கும் என் அருமைத் தங்கை எல்விராவுக்கு, இந்தப் பாழாய்ப்போன தூறலிலிருந்து உன் அண்ணன் அன்செல்மோ அன்போடு எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். உன் பேரப்பிள்ளைகள், உன் மல்லிச்செடி, உன் ரத்த அழுத்தம் எல்லாம் அததன் இடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கத்துவாய். அதனால்தான் கடிதம்.

பூங்காவில் நகராட்சி நடத்தும் ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சியை நிறுத்தச் சொல்லி நீ ஒரு மனு எழுதிக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? நான்தான் கேட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, யூரானி என்கிற அந்தப் பயிற்சியாளர்ப் பெண் மேடையேறி "கைய மேல! இன்னும் மேல! தூங்கிட்டா இருக்கீங்க?" என்று கத்தினால், உன் அண்ணி ஒத்திலியா கண்ணை மூடிய பிறகு தூக்கம் என்பதையே மறந்துபோன மனுஷனுக்கு எப்படி இருக்கும்? நீயும் முப்பது வருஷம் நோட்டரி அலுவலகத்தில் குப்பை கொட்டியவள், மனுவைச் சும்மா சொல்லக்கூடாது, படித்தபோது எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது. கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் பூங்காவில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்! சரி, அங்கேயே போவோம் என்று அட்டையும் பேனாவுமாகப் போனேன். போனால், எல்விரா, நம் சனங்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? கோடு போட்ட தாளைப் பார்த்தால் போதும், பெயர், அடையாள எண், கையெழுத்து என்று மூன்றையும் போட்டுவிட்டுத்தான் என்ன தாள் என்று கேட்பார்கள். அங்கே வழக்கமாக வருகைப் பதிவுக்கென்று ஒரு தாள் சுற்றிவரும். என் தாளும் அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. அது என் தப்புத்தான்.

முதல் ஞாயிறு பன்னிரண்டு பேர்தான் கிடைத்தார்கள். காரணம் என்னவென்றால், ஒருத்தரும் நிற்பதில்லை. குதிக்கிறவரிடம் கையெழுத்து வாங்க நாமும் கூடவே குதிக்க வேண்டியிருக்கிறது. நான் பேனாவை நீட்டினால் எதிர்வீட்டு நோஹேமி அம்மாள் பக்கவாட்டில் நாலு எட்டு போய்விடுகிறாள், "வாங்க டோன் அன்செல்மோ, இங்க வாங்க, சும்மா நின்னா குளிர்ல விறைச்சிடுவீங்க" என்கிறாள். நானும் நாலு எட்டு போகிறேன். அதற்குள் அவள் திரும்ப இந்தப் பக்கம் வந்துவிடுகிறாள். இப்படியே ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்து, உன்மேல் ஆணை, வாழையிலையில் கட்டி வேகவைத்த தமால் இரண்டு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். அடுத்த ஞாயிறு பதினைந்து பேர், அதற்கடுத்த ஞாயிறும் பதினைந்து. மூன்றாம் வாரம் தோல் செருப்பு வழுக்குகிறது என்று கேன்வாஸ் ஷூ வாங்கினேன். நான்காம் வாரம் கறிக்கடை மிசாயேல் "என்னய்யா, தொப்பை கொஞ்சம் உள்ள போயிருக்கு, யார் கண்ணு பட்டுச்சோ" என்றான். லாரியை என் வாசலில் நிறுத்தினான் என்று ஒன்பது வருஷமாக அவனோடு நான் பேசுவதில்லை. அன்றைக்குப் பதில் சொல்லித் தொலைத்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், சனிக்கிழமை வந்தால் மனசு ஒரு மாதிரி துள்ள ஆரம்பித்துவிட்டது. கையெழுத்து சேருகிற சந்தோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது ஞாயிறுதான் வினை. யூரானி நம்மைப் பார்த்துத்தானே நிற்கிறாள்? அவள் "வலது!" என்று சொல்லிவிட்டுத் தன் இடது பக்கம் போவாள், நமக்கு அது வலது. இது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதுவரைக்கும் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றுதான் முதன்முதலாக மேடையைப் பார்த்து ஆடினேன். நாற்பது வருஷம் அலுவலகத்தில் மேலதிகாரி செய்வதைப் பார்த்து அப்படியே செய்து பழகியவன், அவள் இடது காலை வைத்தால் நானும் என் இடது காலை வைத்தேன். எண்பத்தேழு பேர் ஒரு பக்கம் வர, நான் ஒருத்தன் எதிர்ப்பக்கம் போனேன். நோஹேமி அம்மாள்மேல் மோதி, அட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஈரப் புல்லில் பொத்தென்று விழுந்தேன். சிரித்தார்கள் எல்விரா, பூங்காவே சிரித்தது! மேடையிலிருந்தவள் மைக்கிலேயே சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திங்கட்கிழமை காலை நகராட்சி அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டே போய், ஜன்னலில் மனுவைக் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டுகிறார்கள். நோஹேமி அம்மாள் கோழி சூப்போடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மிசாயேல், கையில் மாட்டெலும்பு. அதற்கும் பின்னால் யூரானி, கையில் ஐஸ் பை. "சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க டோன் அன்செல்மோ, ஆனா நீங்க விழுந்த அழகுக்கு இன்னும் ஒரு வருஷம் சிரிக்கலாம்" என்று நோஹேமி அம்மாள் உள்ளே வந்து அவளே வெல்லத்தண்ணி கொதிக்க வைத்தாள். இரண்டு வருஷமாக இந்தச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் ஒன்றுதான் சத்தம். அன்றைக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினோம், யார் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. யூரானி என் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தப் பேட்டை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு ஐயா. ஆனா எங்களுக்கு எதுவும் நிரந்தரம் இல்ல. பேட்டைக்காரங்க புகார் எழுதிப் போட்டா அன்னைக்கே மூட்டை கட்டிட வேண்டியதுதான்." வாய்க்குக் கொண்டுபோன சூப் கரண்டியைத் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன். சூடா இருக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நேற்று நகராட்சிக்குப் போய் அந்த ஜன்னல்காரரிடம் மனுவைத் திருப்பிக் கேட்டேன். "உள்ள போனது உள்ள போனதுதான் ஐயா. வாபஸ் வாங்கணும்னா இன்னொரு மனு போடுங்க. அதே எண்பத்தேழு பேரும் அதுலயும் கையெழுத்துப் போடணும்" என்கிறார். பதினைந்து வேலைநாளுக்குள் பதில் வந்துவிடுமாம். பயிற்சி நின்றுவிட்டால் அது என்னால்தான் என்று தெரிந்துபோகும். அதன்பிறகு யார் முகத்தில் நான் விழிப்பேன்? மறுபடியும் அந்தப் பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாதடி. சத்தியமாக முடியாது. அதனால் நீதான் ஒரு வாபஸ் மனு எழுதித் தரவேண்டும். மனுதாரருக்கு அப்போது புத்தி பேதலித்திருந்தது என்றே எழுது, டாக்டர் சீட்டு வேண்டுமானாலும் வாங்கி அனுப்புகிறேன். ஆனால் பார்ப்பதற்கு மட்டும் வருகைப் பதிவுத் தாள் மாதிரியே இருக்கட்டும். அவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கும் பிள்ளைகளுக்கும் கன்னி மாதா எப்போதும் துணையிருக்கட்டும். உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் விசாரித்ததாகச் சொல், அவர் யாராக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
முழங்காலும் மனசாட்சியும் வீங்கிப்போன உன் அண்ணன்,
அன்செல்மோ பர்ராகான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் போட மனசு வராமல் எட்டு நாள் மேசைமேலேயே வைத்திருந்தேன். இன்று கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். பதில் வந்துவிட்டது. மனு தள்ளுபடி! எண்பத்தேழு அடையாள எண்ணில் ஒன்றுகூட அந்தந்தப் பெயருக்குரியது இல்லையாம். ஒன்று கறிக்கடைத் தொலைபேசி எண்ணாம். தாளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். நோஹேமி அம்மாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும்?" என்றாள். "பின்ன ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன். "ரெண்டு வருஷமா உங்க கதவத் தட்டித் தட்டி எங்க கைதான் வலிச்சுது. நீங்களா ஒருநாள் வெளிய வந்தீங்க, கையெழுத்துக் கேட்டீங்க. அதுக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா? அதுக்காக நிஜ நம்பரைக் குடுத்துப் பயிற்சிய நிறுத்திக்க நாங்க என்ன பைத்தியமா?" என்றாள். அப்புறம் அடுத்த கிழங்கை எடுத்தாள். "முதல் வாரம் பன்னெண்டு பேர் போட்டாங்க. அதோட நான்தான் நிறுத்தினேன். எல்லாரும் ஒரே நாள்ல போட்டுட்டா அடுத்த வாரம் நீங்க ஏன் வரப் போறீங்க? வாரத்துக்குப் பதினஞ்சு பேர், அதுக்கு மேல யாரும் போடக் கூடாதுன்னு பேசி வச்சிக்கிட்டோம்."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் எல்விரா. அவள் ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினாள், நானும் கிழங்கு சீவினேன். வாபஸ் மனு வேண்டாம். நாளை மறுநாள் ஞாயிறு, காலையில் எனக்குப் போன் போடாதே. வீட்டில் எடுக்க ஆள் இருக்காது.