தபேலா வரும்வரை விசில் கிடையாது

கோவை மாவட்டத்திலேயே பயணிகளிடம் அதிகமாகத் திட்டு வாங்கிய டிரைவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் ஊதாங்குழலுக்குத்தான் முதல் பரிசு. வேகத்துக்காக இல்லை. தனியார் பஸ் என்றால் கண்ணாடி அதிரச் சினிமாப் பாட்டு வேண்டுமா இல்லையா? துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் போகும் இவர் பஸ்ஸில் மட்டும் இந்துஸ்தானிப் புல்லாங்குழல்தான் ஓடும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

பென் டிரைவில் காலைக்கு வேறு, மாலைக்கு வேறு என்று ஒலிப்பதிவுகளைப் பிரித்து வைத்திருந்தார். "காலைல ராத்திரி ராகம் போடறது பாவமுங்க" என்பார். எதைப் போட்டாலும் ஆலாபனையிலேயே பாதி பஸ் தூங்கிவிடும்.

"ஏனுங்க, நம்மூர் பஸ்ஸுல இந்திப் பாட்டு எதுக்குங்க?" என்று ஒருவர் சண்டைக்குப் போனார்.

"ஊதறதுல இந்தி எங்கீங்க கேக்குது? கேட்டாச் சொல்லுங்க, நிறுத்திப்போடறேன்."

ஆலாபனை முடிந்து தபேலா சேரும்வரை கண்டக்டர் விசில் அடிக்கக் கூடாது. அதுதான் பெரிய கொடுமை. பாவம், கம்பியில் தட்டுவார். அது யார் காதில் விழும்? பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்க வேண்டிய ஒருவர் காரமடையில் இறங்கி, நேராக முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் முதலாளியே பஸ்ஸில் ஏறினார். காரமடை வரை பொறுத்தவர் அங்கே வெடித்தார். "சினிமாப் பாட்டுப் போடுங்க. இல்லீன்னா சாவியக் குடுத்துப்போட்டு இறங்கிக்கங்க!" வேலையைவிட்டுத் துரத்தும்போதும் 'ங்க' போடுகிற ஊர் எங்களுடையது.

ஊதாங்குழல் இன்ஜினை அணைத்துச் சாவியை நீட்டினார். குழல் நிற்கவில்லை! பாட்டுப் பெட்டியை நேராகப் பேட்டரியில் இணைத்திருந்தார்.

"இது முடியட்டுமுங்க, இறங்கிக்கறேன். பாதீல நிறுத்தமாட்டேன்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்களைக் கல்லூரியில் படிக்க வைக்கிற மனிதர். வேலை போனால் என்ன செய்வார்?

முதலாளி ஒயரைப் பிடுங்கப் போனார். தினமும் ஊதாங்குழலைத் திட்டித் தீர்க்கும் கறிவேப்பிலை விற்கும் அம்மா எழுந்தார்.

"கைய எடுங்க! தெனமும் இதுல ஏறி நாங்க அவரத் திட்டறோம். நீங்க யாருங்க திட்டறதுக்கு?"

"அதானே!" என்றார் இந்திப் பாட்டு எதுக்கு என்று சண்டைக்குப் போனவர். பஸ் முழுக்க முறைத்தது.

முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "விசிலாவது அடிக்க உடுங்க" என்று கெஞ்சினார்.

"தபேலா வரட்டுமுங்க."

இன்றைக்கும் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகத்தான் நிற்கிறேன். தாமதத்துக்குக் காரணம் மற்ற பஸ்களில் கூட்டம் என்று ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறேன். சுத்தப் பொய். அந்த ஆள் ஒரு நாள் லீவு போட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுதே ஓடுவதில்லை.