பெரிய பிட்டும் ஒரு ஜோடி புதுச் செருப்பும்

ஒரு தொழிலை நன்றாகக் கற்றவன் பக்கத்துத் தொழிலுக்குள் கால் வைக்கும்போதுதான் ஊருக்கு ஆபத்து. ஒன்றும் தெரியாதவன் பயந்து ஒதுங்கி நிற்பான். நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சி.என்.சி. பிரிவுக்குப் பொறுப்பாளன். கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்கள் இரும்பை வெண்ணெய் மாதிரி வழித்தெடுக்கும் இடம். அப்படிப்பட்டவனுக்கு மரம் எம்மாத்திரம்? (இதை நான் அன்று வாய்விட்டே கேட்டேன். என் மனைவி சாந்தி இன்றும் அதே குரலில் திருப்பிக் கேட்கிறாள்.)

எங்கள் மகள் நிவேதா, தன்னோடு பெங்களூரில் வேலை பார்க்கும் மஞ்சுநாத்தைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். பையனுக்கு ஆனேக்கல், கன்னடம் பேசும் குடும்பம். அவன் அப்பா நஞ்சப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வீட்டுக்கு வந்து பாத்துட்டு சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த 'பாத்துட்டு' என்ற ஒரு சொல் என்னைத் தின்றது. எதைப் பார்க்கப் போகிறார்? மாடிப்படியையா, சுவர் விரிசலையா, என்னையா?

அவர் பார்ப்பதற்கென்றே ஒன்றைச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என் கையாலேயே ஒரு தேக்கு டீப்பாய்.

மரத்தின் ஓரத்தைச் செதுக்க ரூட்டர் என்று ஒரு மெஷின் உண்டு. மேலே மோட்டார், இருபுறமும் கைப்பிடி, அடியில் வெறிபிடித்ததுபோல் சுற்றும் 'பிட்' என்ற வெட்டும் முனை. எந்த பிட்டை மாட்டுகிறோமோ அந்த வடிவம் மரத்தில் விழும். கடைக்குப் போனால் பிட்டுகளை நகைக்கடை மாதிரி பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்திருந்தார்கள். பள்ளம் பறிக்க ஒன்று, ஓரத்தை உருட்ட ஒன்று, குழிவாக வழிக்க ஒன்று. அடியில் குட்டி பேரிங் வைத்தவை வேறு. அந்த பேரிங் மரத்தின் ஓரத்தில் உருண்டுகொண்டே வழி காட்டுமாம். எனக்குக் கை பரபரத்தது. புதிதாகப் பழகுகிறவனுக்கு ஓரத்தை லேசாக உருட்டும் சின்ன பிட் போதும். அதை வாங்கினேன். ஆனால் கண் போனது எலுமிச்சம்பழம் பருமனில் இருந்த பெரிய பிட்டின் மேல். அரண்மனை மேஜை மாதிரி வளைந்து நெளிந்த ஓரம் தருவது. 'வேகத்தைக் குறைக்கவும், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவும்' என்று அதன் பெட்டி மூடியிலேயே போட்டிருந்தது. நாங்கள் இரும்பில் ஒரே இழுப்பில் எடுக்கிற ஆழத்துக்கு இது எந்த மூலைக்கு என்று மூடியை மூடி, அதையும் வாங்கினேன்.

சனிக்கிழமை சின்ன பிட்டை மாட்டினேன். இங்கே ஒரு நுணுக்கம். பிட் சுழலும் போக்கிலேயே வெட்டிக்கொண்டு போகலாம், அல்லது அதை எதிர்த்துப் போகலாம். எங்கள் கம்பெனியில் போக்கிலேயே போவதுதான் சட்டம். வெட்டு கண்ணாடி மாதிரி வரும். வருகிற டிரெய்னி ஒவ்வொருவருக்கும் நான் எடுக்கும் முதல் பாடமே அதுதான். டீப்பாயிலும் அப்படியே வலமிருந்து இடமாகத் தள்ளினேன். கண்ணாடி மாதிரிதான் வந்தது. மெஷின் மட்டும் லேசாக முன்னால் இழுத்தது. ஆர்வமான மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு அவங்க வர்றப்போ டூல் பாக்ஸ மட்டும் தொறக்காதீங்கப்பா" என்றாள் நிவேதா.

ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பா தன் மனைவியோடும் மகனோடும் வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் தோல் செருப்பு. செருப்பை போர்ட்டிகோவில் ஓரமாகச் சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க பக்கம் மழைங்களா?" என்று ஆரம்பித்தேன்.

"இல்ல சார்."

"இங்கயும் இல்லைங்க."

அதோடு மழையும் தீர்ந்துவிட்டது. கேசரியைக்கூட அவர் தேர்வு எழுதுகிறவர் மாதிரி சாப்பிட்டார். அப்போதுதான் அவர் விரல் டீப்பாயின் ஓரத்தைத் தடவியது.

"இது நீங்களே மாடினதா சார்?"

மாடினது என்றால் கன்னடத்தில் செய்தது. வந்ததிலிருந்து அவராகக் கேட்ட முதல் கேள்வி. நான் எழுந்தே விட்டேன். "இது என்னங்க, சாதாரணம். வெளிய வாங்க, காட்டறேன்."

"இன்னாங்க இது, வந்தவங்க முன்னாடி இத ஓட்டிக்கினு இருக்கப் போறீங்களா?" என்றாள் சாந்தி. நிவேதா கண்ணை மூடிக்கொண்டாள்.

டீப்பாயின் மேல்பலகையைக் கழற்றி போர்ட்டிகோவுக்குத் தூக்கிவந்து பெஞ்சில் இறுக்கினேன். பாதுகாப்பில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன். எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டேன். பையனின் அம்மா பட்டுப்புடவையில் பாதுகாப்புக் கண்ணாடியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கம்பெனியில் மஞ்சள் கோடு போடுவதுபோல் சாந்தியின் கோலமாவை எடுத்து ஒரு கோடு இழுத்தேன். "யாரும் இதத் தாண்டக் கூடாதுங்க."

பிறகு பெரிய பிட்டை மாட்டினேன். வேகம் சின்ன பிட்டுக்கு வைத்த அதே உச்சத்தில். ஆழம் முழுசாக. சுவிட்சை விரலால் பிடித்துக்கொண்டே இருப்பானேன் என்று அதையும் ஓடும் நிலையிலேயே லாக் செய்துவிட்டு, சுழலும் போக்கிலேயே மரத்தில் வைத்தேன்.

மெஷின் புறப்பட்டது. நான் தள்ளவில்லை, அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. மூலை வந்ததும் அது நிற்கவில்லை, நான்தான் கையை விட்டேன். பலகையின் மூலையை ஒரே கடியாகக் கவ்விக்கொண்டு தரையில் குதித்து, டைல்ஸ் மேல் கரகரவென்று சுற்றிக்கொண்டே கோலமாவுக் கோட்டைத் தாண்டியது. நாற்காலிகள் சிதறின. நான் "எல்லாரும் அமைதியா இருங்க" என்று அலறியபடி பெஞ்ச் மேல் ஏறி நின்றேன். அது நேராகப் போய் நஞ்சப்பாவின் இடது செருப்பைப் பிடித்தது. வாரும் அடியும் பறந்தன. சாந்தி கையிலிருந்த கேசரி முழுக்க மரத்தூள்.

சட்டென்று சத்தம் நின்றது. நஞ்சப்பா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

யாருக்கும் அடியில்லை. அதை ஒவ்வொருவர் கையாகப் பார்த்து விரல் விரலாக எண்ணிய பிறகுதான் பெஞ்சிலிருந்து இறங்கினேன். என் மகளின் கல்யாணத்தை நானே சீவித் தள்ளிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். (ரூட்டர் சத்தத்துக்கு மிக்ஸி சத்தம் நெருங்கிய சொந்தம். சட்னி அரைக்கும்போது இன்றும் நான் கூடத்துக்குப் போய்விடுவேன்.)

நிவேதா கடிபட்ட மூலையைப் பார்த்தாள். "ப்பா, கம்பெனியில மெஷினப் புடிச்சிக்கினு இருக்கிறது டன் கணக்குல இரும்பு. இங்க புடிச்சது நீங்க. கையில புடிச்சு ஓட்டுறப்போ எதிர்த்துத்தான்ப்பா தள்ளணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் டிரெய்னிகளுக்குச் சொல்லும் முதல் பாடம், கையால் ஓட்டும் மெஷினுக்கு நேர் தலைகீழ்.

நஞ்சப்பா கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "சார், இதுக்கு பிரேக் எல்லிதே?"

பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். "இல்லைங்க" என்றேன்.

"பிரேக் இல்லாத வண்டிய, லோடோட, எறக்கத்துல விட்டீங்க." அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, கண்ணாடிக்குள் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சொன்னார்: "நெஜம் சொல்றேன் சார். நீங்க பெரிய ஆபீசர், எல்லாத்துக்கும் ரூல்ஸ் பாப்பீங்கன்னு மஞ்சு சொன்னான். நம்ம பையன் இந்த வீட்ல எப்படி இருப்பான்னு பயமா இருந்துச்சு. இப்ப பயம் போச்சு. ஊட்டா ஹாக்கிம்மா, சாப்பிட்டுட்டு தேதி பாக்கலாம்."

சாப்பாடு பரிமாறச் சொன்னது சாந்திக்குப் புரிந்தது. தேதி என்றது எல்லோருக்கும் புரிந்தது. அவர் என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆனேக்கல் திரும்பினார்.

அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் 'டிரைவர்'. கல்யாண மண்டபத்திலும் "டிரைவர் எல்லி, டிரைவரக் கூப்பிடுங்க" என்று அவர் தேடிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்ட அவர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், பட்டு வேட்டியில் நின்றிருந்த என்னிடம் சமையல் டெம்போவின் சாவியை நீட்டி, "மண்டபத்து கேட்டை மறைச்சு நிக்குது, கொஞ்சம் எடுத்து ஓரமா போடப்பா" என்றார்.

நானும் போனேன். சாவியைத் திருகுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுக்கொண்டேன்: "எந்தப் பக்கமாங்க எடுக்கணும்?"