தாம்பூலம் வாங்கிய வேட்பாளர்

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
12-10-2000

அன்புத் தங்கை ராஜலக்ஷ்மிக்கு, அண்ணன் வெங்கடாசலம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி சாந்தாமணியும் மகள் வான்மதியும் உடம்பளவில் சுகம். அங்கே மாப்பிள்ளை திருமூர்த்தியும் உன் முழங்காலும் நம் சண்முகப்ரியாவும் சுகமாயிருக்கப் பாரியூர் அம்மன் துணை. மனதளவில் நான் சுகமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரே மாதத்தில் நாலு தடவை போன் போட்டு, ப்ரியாவுக்கு நான் இங்கே பார்த்த முகிலன் சம்பந்தத்தை முதலில் முடி என்றும், பிறகு பொறு என்றும், மறுபடி முடி என்றும், போன வாரம் மறுபடி பொறு என்றும் நான் சொன்னதில் உனக்கு என் மேல் கோபம் இருக்கும். "அண்ணா, தை மாசத்துக்கு மண்டபம் வேணுமா வேண்டாமான்னு ஐப்பசி முடியறதுக்குள்ள சொல்லச் சொல்றாங்க, எனக்கு ஒரே பேச்சாச் சொல்லுங்க" என்று நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அம்மிணி, தப்பு என் மேல் இல்லை. தப்பெல்லாம் டெல்பர்ட் கிரேன்ஷா மேல்.

அவன் யாரென்று கேட்பாய். டிராக்டர் விற்றுக் கோடீஸ்வரனானவன். இரண்டு பெரிய கட்சிக்கும் சேராமல் மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்து, ஏழைபாழைகளின் ஆள் நான்தான் என்று ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறான். நான் சிட்டிசன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. இதுதான் முதல் ஓட்டு. பொறுப்பாகப் போட வேண்டும் என்று ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேட்பாளரும் என்ன சொல்கிறான் என்று தேதி போட்டு எழுதி வந்தேன். மற்ற இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் போதுமானதாக இருந்தது. இவனுக்கு மட்டும் நோட்டு பத்தவில்லை. ஒரு ஊரில் வரியே கிடையாது என்கிறான், அடுத்த ஊரில் பென்ஷனை இரட்டிப்பாக்குவேன் என்கிறான், பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் கேட்டவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். சரி, அது அவர்கள் வீட்டுப் பாடு என்று விட்டிருப்பேன். செப்டம்பர் பத்தாம் தேதி, "கம்ப்யூட்டர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை முதல் நாளே பிளேன் ஏற்றுவேன்" என்றான் பார், அங்கே பிடித்தது சனி. முகிலன் அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்குத் தருகிற எச்-1பி விசாவில்தானே இருக்கிறான்? கல்யாணம் தையில், இவன் ஜெயித்தால் பதவியேற்பும் தையில். பெண்ணை இந்தப் பக்கம் பிளேன் ஏற்றினால் மாப்பிள்ளையை அந்தப் பக்கம் பிளேன் ஏற்றுவானா? அதனால்தான் பொறு என்று போன் செய்தேன்.

இரண்டே வாரத்தில் கலிபோர்னியா போனான். பிளசன்டனில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற கூட்டம். "உலகத்தில் உள்ள இன்ஜினியர் எல்லாம் என் வீட்டுக்கு வரட்டும்" என்று கையை விரித்தான். நான் உடனே முடி என்று உனக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வருமா? நான் பாலம் டிசைன் செய்து சம்பாதிக்கிறவன் அம்மிணி. தூண் இன்றைக்கு இங்கேயும் நாளைக்கு அங்கேயும் நின்றால் பாலத்தின் மேல் யார் வண்டி ஓட்டுவது?

போன சனிக்கிழமை அவனே நம் பக்கத்து ஊருக்கு வந்தான், காலைப் பலகாரக் கூட்டமாம். நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். வெறுங்கையோடு போனால் ஆகுமா? நம் பக்கத்தில் வாக்கு வாங்குவதென்றால் வெற்றிலை பாக்கு கொடுத்துத்தானே வாங்குவோம், தாம்பூலம் வாங்கினவன் தலையே போனாலும் பேச்சு மாறமாட்டானே என்று, இந்தியன் கடையில் வெற்றிலை வாங்கி, கொட்டைப்பாக்கு வைத்து, எவர்சில்வர் தட்டோடு போனேன். வாசலில் போலீஸ்காரன் தட்டை மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு விட்டான். கிரேன்ஷா வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தான். நான் தட்டை நீட்டி, முகிலன் விஷயம் முழுக்கச் சொல்லி, "சார், என் தங்கை மகள் கல்யாணம் உங்கள் வாயில் இருக்கிறது" என்றேன். அவன் இரண்டு கையாலும் தட்டை வாங்கினான் அம்மிணி! இரண்டு கையாலும்! "கல்யாணத்துக்கு என் வாழ்த்து. உங்களைப் போல உழைக்கிறவர்கள்தான் இந்த நாட்டுக்கு வேண்டும்" என்று தோளில் தட்டினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெற்றிலையை எடுத்து மோந்து பார்த்து, "அருமையான கீரை" என்று பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். பாக்கை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டான். பாக்கைக் கடித்துப் பல் போயிருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன், நல்லவேளை அவனுக்குப் பல் கெட்டி.

போய் மேடையில் ஏறினான். பாக்கு இன்னும் ஒரு கன்னத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. "வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்காரன் ஒருத்தனையும் விடமாட்டேன்" என்றான். முந்நூறு பேர் எழுந்து கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி, பத்து நிமிஷம் முன்னால் எனக்குச் சர்க்கரைப்பாகு எடுத்துக் கொடுத்தவள், அவளும் கைதட்டினாள். தாம்பூலம் வாயில் இருக்கும்போதே வாக்கு மாறின ஆளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. வந்து வான்மதியிடம் சொன்னால், "அப்பா, ஹீ இஸ் எ பாலிடிஷியன். தட்ஸ் ஹிஸ் ஜாப்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இதோடு விட்டதா? அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள் பெயர் எழுதுகிற நோட்டு என்று நினைத்து ஒன்றில் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது வீட்டு வாசலில் போர்டு நடச் சம்மதிக்கிறவர்கள் நோட்டாம். ஞாயிறு காலையில் பார்த்தால் நம் வீட்டு முன்னால் புல்தரையில் ஆள் உயரத்துக்குப் போர்டு, "இந்த வீடு கிரேன்ஷா வீடு" என்று! நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெரு மகாதேவன் போன் செய்து, "என்ன சார், நம்ம பசங்களையே தொரத்தச் சொல்றீங்களா?" என்கிறார். போர்டைப் பிடுங்கலாம் என்று போனால் இரும்புக் கம்பி, பூமிக்குள் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. நான் அதைக் கட்டிப்பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. யார் தெரியுமா? முகிலன்! அரைமணி தூரத்தில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறவனை அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு நானே கூப்பிட்டிருந்தது எனக்கு மறந்தே போயிற்று.

அவன் போர்டைப் பார்த்தான். போர்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தான். "வணக்கம் அங்கிள், போர்ட நல்லா ஆழமா நடறீங்களா?" என்றான். நான் போர்டை விட்டுவிட்டு அவனை உள்ளே கூட்டிப்போனேன். அண்ணி அரிசிம்பருப்புச் சாதம் போட்டாள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான், போய்விட்டான். கிரேன்ஷாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாலு நாளாக ஒரு போனும் இல்லை. கார் சத்தம் கேட்டால் எழுகிறேன், டிவியில் கிரேன்ஷா குரல் கேட்டால் எழுகிறேன்.

நேற்று உன் அண்ணியிடம் நோட்டைக் காட்டி, "பாரு, ஒரே விஷயத்தில் நாலு தடவை மாறியிருக்கிறான், இவனெல்லாம் மனுஷனா?" என்றேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. "ஏனுங்க, நீங்க ராஜலக்ஷ்மிகிட்ட எத்தன தடவ மாத்திப் பேசினீங்கன்னு யாராச்சும் நோட்டுப் போட்டு எழுதினாங்களா? அந்த மனுஷனாவது ஓட்டுக்குப் பேசறான். நீங்க எதுக்குப் பேசறீங்க?" என்றாள். சுருக்கென்று இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

ஆகவே உட்கார்ந்து யோசித்து ஒரே பேச்சாக எழுதுகிறேன். வேண்டாம் அம்மிணி. கிரேன்ஷா ஜெயிப்பானோ தோற்பானோ, அந்த முந்நூறு பேர் இந்த ஊரில்தானே இருப்பார்கள்? நம் குழந்தையை இப்படிப்பட்ட நிச்சயமில்லாத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். மண்டபத்தை விட்டுவிடு. ப்ரியாவுக்கு உள்ளூரிலேயே நல்ல இடமாகப் பார்ப்போம். இதுதான் முடிவு, இதில் மாற்றமில்லை. மாப்பிள்ளைக்கு என் வணக்கம், ப்ரியாவுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
வெங்கடாசலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது முகிலன் வந்தான். கையில் கடப்பாரையோடு வந்திருக்கிறான்! இரண்டு பேரும் சேர்ந்து போர்டைப் பிடுங்கிப் போட்டோம். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "அங்கிள், யாரு ஜெயிச்சா எனக்கென்னங்க? நான் சித்திரையில கோயமுத்தூர் வந்து சொந்தமா கம்பெனி வெக்கிறேன். ப்ரியாகிட்ட ஈமெயில்ல ரெண்டு மாசமாப் பேசி முடிவு பண்ணியாச்சு. உங்ககிட்டச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன், நீங்க போர்டோட ரொம்ப பிஸியா இருந்தீங்க" என்றான். ப்ரியா உன்னிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது, குழந்தையைத் திட்டாதே. அவன் போனபிறகு போர்டு இருந்த குழியை மண் போட்டு மூடிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் மறைப்பானேன்? இந்தச் சம்பந்தத்தை நான் கொண்டுவந்ததே என் சுயநலம் அம்மிணி. இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அரைமணி நேரம் கார் ஓட்டினால் நம் ரத்தத்தில் ஒருத்தி கதவைத் திறந்து "வாங்க மாமா" என்பாள் என்று நினைத்துவிட்டேன். கிரேன்ஷா பிளேன் ஏற்றிவிடுவானோ என்று நான் பயந்ததெல்லாம் அதற்குத்தான். போகட்டும். பையன் தங்கம். மேலே எழுதினதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மண்டபத்துக்குச் சரியென்று சொல்லு. நாங்கள் மூவரும் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுகிறோம்.